மூன்றாம் பாகம் வந்திருக்கிறது

சவர்க்காரப் பெட்டி வந்து பத்து நாளாகிறது. புத்தகங்களை எடுத்து அடுக்கிவிட்டேன். பெட்டியையும் கூட்டுறவுச் சங்கக்கடைக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். மணம் மட்டும் வாசிகசாலைக்குள் இன்னும் நிற்கிறது. சவர்க்காரமும் அச்சு மையும் சேர்ந்த மணம். நீ புத்தகத்தை வாங்கியதும் விரிக்கமாட்டாய். முதலில் மூக்கடியில் பிடிப்பாய். "இந்தத் தடவை சந்தன சோப்புக்கா" என்பாய். ஒருநாளும் பிழை விட்டதில்லை. இந்த முறை நானும் முகர்ந்து பார்த்தேன். என்ன சவர்க்காரம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

பெட்டிக்குள் ஆறு புத்தகங்கள். ஆறும் இளம் வயதுக்காரருக்கென்று எழுதிய மாயக்கதை நாவல்கள். இப்போது இங்கே வாசிக்க வருகிற பிள்ளைகள் வேறெதையும் கேட்பதில்லை. ஆக அடியில் கிடந்தது கோட்டைக் கதையின் மூன்றாம் பாகம்.

ஐந்து வருடம் பிந்தி வந்திருக்கிறது. சண்டையில் பாதை பூட்டு, திறப்பு, மறுபடி பூட்டு என்று போன வருடங்களில் யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் அதை எங்கேயோ மூலையில் போட்டு மறந்திருக்கவேண்டும். அட்டையில் கறையான் தின்ற ஓட்டை இரண்டு. நான் பதிவுப் புத்தகத்தில் எழுதினேன். முத்திரை குத்தினேன். பிறகு கதிரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமா, துக்கமா என்று என்னையே கேட்டேன். இரண்டும் வரவில்லை. கொஞ்சக் காலமாக எனக்கு எதுவும் வருவதில்லை. இங்கே பலருக்கும் அப்படித்தான். செத்தவீட்டுக்குப் போய்வந்து, தோய்ந்துவிட்டு, சாப்பிட இருக்கிறோம். சோறு இறங்குகிறது.

நீ போய் ஐந்து வருடம். உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தபோது எழுதத் தேவை இருக்கவில்லை. இரண்டு வயல் தள்ளித்தானே உன் வீடு. இப்போது எழுதுவது ஏனென்றால், நீ கேட்டுவிட்டுப் போன ஒரு கேள்விக்கு மூன்றாம் பாகத்தில் பதில் இருக்கிறது. அதைச் சொல்லவேண்டும். அதோடு வேறொன்றும் சொல்லவேண்டும். அது கொஞ்சம் கஷ்டம்.

நீங்கள் ஸ்கந்தபுரத்துக்கு வந்தது எழுபத்தேழுக் கலவரத்துக்கு அடுத்த வருடம். மலையில் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளை எரித்து உங்களைத் துரத்தியிருந்தார்கள். வாய்க்கால் ஓரத்து ஒதுக்கு நிலத்தில் ஒரு கொட்டில் போட்டீர்கள். எங்கள் பக்கத்தில் ஆளுக்குப் பெயர் இருக்கிறதோ இல்லையோ, காணிக்கு இலக்கம் இருக்கும். குடியேற்றத் திட்டத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் நாங்கள். எங்களை யாரும் பெயர் சொல்லி விசாரிப்பதில்லை. "எத்தினையாம் காணி?" என்றுதான் கேட்பார்கள். எங்களுடையது நாற்பத்தொன்று. கலியாணக் கடிதத்திலும் நாற்பத்தொன்று, செத்தவீட்டு அறிவித்தலிலும் நாற்பத்தொன்று. ஒதுக்கு நிலத்துக்கு அரசாங்கம் பெமிற் பத்திரம் கொடுப்பதில்லை. ஆகவே உங்கள் கொட்டிலுக்கு இலக்கம் இல்லை.

நீ எங்கள் வயலுக்குக் களை பிடுங்க வந்தாய். இரண்டு பேருக்கும் பதினெட்டு வயது. நான் உன்னை நீ என்றேன். நீ என்னை நீங்க என்றாய், அக்கா என்றாய். "எனக்கும் உனக்கும் ஒரே வயசுதானேடி, பேந்து ஏன் அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "வயசுக்கா கூப்பிடுறோம்?" என்று சொல்லிவிட்டு நீ குனிந்துகொண்டாய். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அம்மா எனக்குக் கிளாசிலும் உனக்குத் தகரப் பேணியிலும் தேத்தண்ணி தருவா. அதையும் நான் கேட்கவில்லை. இப்படிக் கேட்காமல் விட்டவை நிறைய இருக்கின்றன.

புத்தகம் எங்களுக்கிடையே வந்தது விதைக் கச்சான் கடலை உடைக்கிற நாளில். பெண்கள் எல்லாரும் வட்டமாக இருந்து கோது உடைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் வேலை செய்கிற பாவனையில் மடியில் நாவலை வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு இளவரசன் மந்திர வாள் தேடிக் காட்டுக்குள் போகிற கதை.

"அதுல என்னக்கா எழுதியிருக்கு?" என்றாய்.

"உனக்கு வாசிக்கத் தெரியுமே?"

"தோட்டத்து ஸ்கூல்ல அஞ்சு வரைக்கும் போனேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனா முடிச்சிருவேன்."

கொண்டுபோய் நான்கு நாளில் முடித்துவிட்டாய். திருப்பித் தரும்போது, கதை எப்படி என்று கேட்டேன். "பன்னெண்டு நாள் நடக்கிறானே, என்னத்தக்கா தின்னான்?" என்றாய்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "இளவரசனடி அவன்."

"இளவரசனுக்கு வயிறு இல்லியா? நாங்க மலையிலேருந்து இங்க வந்தப்போ மூணாம் நாளே அரிசி முடிஞ்சு போச்சு. நாலாம் நாளு எந்தம்பி மண்ணைத் தின்னான். இவன் பன்னெண்டாம் நாளு பாட்டுப் பாடுறான்."

"அப்ப வாள் பேசுறதை மட்டும் எப்பிடி நம்பினனீ?"

"வாள் பேசுறதை நம்பலாம்க்கா. பசிக்கலைங்கிறதைத்தான் நம்ப முடியல."

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. நான் சாதாரண தரச் சோதனை சித்தியடைந்தவள். அந்தக் கதையை மூன்று தரம் வாசித்து, இளவரசன் பாடுகிற இடத்தில் மூன்று தரமும் கண் கலங்கியவள். களை பிடுங்க வந்தவள் ஒருத்தி ஒரே வசனத்தில் அவனைப் பட்டினியாக்கி விட்டுப் போய்விட்டாள் என்று எரிச்சல். நான்காம் தரம் வாசிக்க எடுத்தேன். முடியவில்லை. அவன் வயிறுதான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

அதற்குப் பிறகு நான் வாசிகசாலையில் இரண்டு புத்தகம் எடுக்கத் தொடங்கினேன். ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. இதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் வாசிகசாலைத் தலைவர் சங்கக்கடை மனேஜர். வருடத்தில் இரண்டு தரம் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் எடுக்கப் போகும்போது வெறும் சவர்க்காரப் பெட்டியில் புத்தகம் வாங்கிப் போட்டு பஸ்ஸின் மேலே கட்டிக் கொண்டுவருவார். அப்படிப் பாடுபட்டுக் கொண்டுவந்த புத்தகத்தில் ஒருவர் வடை சுற்றிக் கொடுத்துவிட்டாராம். அன்றிலிருந்து அவர் ஒரு விதி போட்டார். புத்தகத்தைத் திருப்பித் தருகிறவர் கருத்துக் கொப்பியில் நான்கு வரி எழுதவேண்டும், கீழே பெயரும் காணி இலக்கமும் போடவேண்டும், எழுதாதவருக்கு அடுத்த புத்தகம் இல்லை. காணி இலக்கம்தான் அங்கத்தவர் இலக்கமும். இலக்கம் இல்லாத உனக்கு வாசிகசாலை அட்டை இல்லை. அட்டையில்லாத ஆளுக்குப் புத்தகம் கைமாற்றினால் என் அட்டையும் போய்விடும்.

விதி போட்டால் சனம் வழி கண்டுபிடிக்காதா? முதலாவது ஆள் "நல்ல கதை, அட்டை கிழிந்துள்ளது" என்று எழுதுவார். அடுத்தவர் அதன் கீழே "மேற்படி" என்று எழுதுவார். அதற்கு அடுத்தவரும் மேற்படி. கொப்பியைப் புரட்டினால் பக்கம் பக்கமாக மேற்படி, மேற்படி, மேற்படி. உழவு மெசின்காரர் ஒருவர் புத்தகம் எடுக்காமலே வந்து மேற்படி எழுதிவிட்டுப் போனதாகவும் ஒரு கதை உண்டு. நான் மட்டும் ஒருநாளும் மேற்படி எழுதமாட்டேன். அதில் எனக்குப் பெரிய பெருமை.

உன் புத்தகத்துக்கும் நான்தானே எழுதவேண்டும். ஆகவே நீ வரம்பில் நின்று சொல்வதைக் கேட்டுக்கொண்டுவந்து, நல்ல தமிழில் மாற்றி, கீழே என் பெயரை எழுதி நாற்பத்தொன்று போட்டேன். "பேசும் வாளை நம்ப முடிகிறது, பசிக்காத மனிதனைத்தான் நம்ப முடியவில்லை." இதுதான் முதலாவது. வேறு வழியில்லாமல் செய்தது. தொடங்கும்போது எல்லாம் வேறு வழியில்லாமல்தான் தொடங்குகிறது.

நீ சொன்னவை எனக்கு இப்போதும் பாடம். சூனியக்காரர்களைப் பற்றிச் சொன்னாய்: "கெட்டவன்னா கறுப்பா, பல்லு நீட்டிக்கிட்டு, நகம் வளத்துக்கிட்டு இருக்கான். எங்க லயத்தை எரிச்சவங்க நல்லா தலை சீவிக்கிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுத்தான் வந்தாங்க. ஒருத்தன் எங்கம்மாவைப் பாத்து சிரிக்கக்கூடச் செஞ்சான்." மந்திரத்தைப் பற்றிச் சொன்னாய்: "சொன்னவொடனே நடந்துட்டா அது என்னக்கா மந்திரம்? சொன்னவனுக்குக் கொஞ்சமாவது ஒடம்பு நோகணும்." ஆனால் பறக்கும் குதிரை வந்தால் நீ வாயைத் திறக்கமாட்டாய். ஒரு குறையும் சொல்லமாட்டாய். "அது இருக்கட்டும்க்கா" என்பாய். அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு தரம் வாசித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

களை பிடுங்கும்போது அதே கதைகளை நீ மற்றப் பெண்களுக்குச் சொல்லுவாய். உன் கதையில் இளவரசன் ரொட்டி சுடுவான். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் கட்டைச் சம்பலுக்கு உப்புக் கூடிவிட்டது என்று மந்திரவாதி கோபிப்பான். "கதை கேட்டுக் கேட்டுக் கை நிண்டிடும், பாருங்கோ" என்று அம்மா வரம்பில் நின்று கத்துவா. கை நிற்கவில்லை. நீ கதை சொன்ன நாளில் இரண்டு பாத்தி கூடத்தான் முடிந்தது. அம்மாவும் பிறகு குடையைப் பிடித்துக்கொண்டு கிட்டக் கிட்ட வரத் தொடங்கினா.

வாசிகசாலை ஆண்டு விழாவுக்கு வருகிறேன். அந்தக் கஷ்டமான விஷயம் இதுதான்.

தலைவர் மேடையில் நின்று, இந்த வருடத்துச் சிறந்த வாசகி என்று என்னைக் கூப்பிட்டார். கருத்துக் கொப்பியை விரித்து உன் வசனங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தார். பேசும் வாள். வெள்ளைச் சட்டை. நோகாத மந்திரம். சனம் கைதட்டியது. எனக்கு ஒரு பூமாலை போட்டார்கள். நாடகம் பார்க்க வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த உங்கள் ஆட்களுக்குள் நீயும் நின்றாய். நீயும் கைதட்டினாய். நான் பார்த்தேன்.

அடுத்த நாள் வயலில் உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. நீயாகத்தான் தொடங்கினாய்.

"நல்லா இருந்துச்சுக்கா. நீங்க அதை எவ்வளவு அழகா மாத்திட்டீங்க."

"நீ சொன்னதுதானேடி."

"ஆமா." ஒரு பிடி களையை வரம்பில் போட்டாய். பிறகு நிமிராமலே கேட்டாய்: "ஒண்ணே ஒண்ணுல மட்டும் எம் பேரைப் போடுவீங்களா? எல்லாத்துலயும் வேணாம். ஒண்ணுல."

"ஓம், போடுறன். அடுத்த புத்தகத்துக்குப் போடுறன்."

அடுத்த புத்தகத்துக்குப் போடவில்லை. அதற்குள் என்னை வாசிகசாலைப் பொறுப்பாளராகப் போட்டுவிட்டார்கள். பின்னேரம் கதவு திறந்து, பதிந்து, பூட்டுகிற வேலை. அந்தக் கருத்துகளுக்காகக் கிடைத்த வேலை. உன் பெயரைப் போட்டால் இது யார், எந்தக் காணி, புத்தகம் எப்படிக் கைமாறியது என்று கேட்பார்கள். முந்தியவை யாருடையவை என்றும் கேட்பார்கள். அட்டை எழுதுகிற பேனை என் கையில்தான் இருந்தது. விதியை மாற்றுவோம் என்று ஒரு கூட்டத்தில் வாய் திறந்திருக்கலாம். நான் திறக்கவில்லை. நீயும் இரண்டாம் முறை கேட்கவில்லை. ஒவ்வொரு புத்தகமும் முடிந்ததும் வழக்கம்போல வந்து உன் கருத்தைச் சொன்னாய். நான் வழக்கம்போல என் பெயரைப் போட்டேன். எனக்கு வெட்கமாக இருந்ததா என்று நீ கேட்டால், அந்த நாளில் இருக்கவில்லை என்பதுதான் உண்மை.

அந்த நாளில்தான் கோட்டைக் கதை வந்தது. முதலாம் பாகமும் இரண்டாம் பாகமும் ஒரே பெட்டியில். அடுப்படியைத் தவிர எங்கும் நெருப்பு நிற்காத பனிக்கோட்டை, அதற்குள் சிறைப்பட்ட வீரன், ஏழு நிறத்தில் ஏழு குதிரை. இரண்டு பேருக்கும் ஒன்றாகப் பிடித்த கதை அது ஒன்றுதான். எனக்கு வீரனைப் பிடித்தது. உனக்கு அடுப்படிப் பெண்ணை. விடிந்தால் ஒரு சட்டியில் தணல் எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நூறு படி ஏறி வந்து, வீரனுக்குக் குளிர் காயக் கொடுத்துவிட்டுப் போகிறவள். அவ்வளவுதான் அவளுக்கு வேலை. நான் அவளைக் கவனித்ததே இல்லை. நீ எண்ணி வைத்திருந்தாய்.

"முதப் பாகத்துல மூணு எடம், ரெண்டாம் பாகத்துல அஞ்சு எடம் வருதுக்கா. எட்டு எடத்துலயும் அடுப்படிப் பெண், அடுப்படிப் பெண்ணுன்னே எழுதுறாரு. ஏழு குதிரைக்கும் பேரு வச்சிருக்காரு. இவளுக்கு ஒண்ணுகூட இல்ல. நெஞ்சு சுடாதா அவளுக்கு?"

இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் வீரன் தப்பி வெளியே ஓடுகிறான். கோட்டைக் கதவு மூடுகிறது. அவள் உள்ளே. மிகுதி மூன்றாம் பாகத்தில். நீ தவித்துப்போனாய். ஒவ்வொரு பெட்டிக்கும் வாசிகசாலை வாசலில் வந்து நின்றாய். "வந்திருச்சாக்கா?" என்பாய். வரவில்லை. இரண்டாம் பாகத்தையே திரும்பவும் கேட்டு எடுத்துக்கொண்டு போனாய்.

எண்பத்துநாலு மாரி. மலேரியாக் காய்ச்சல். ஊரில் பாதிப்பேர் படுத்திருந்தார்கள், நீயும் படுத்தாய். பஸ் ஓடவில்லை. மழைக்குள் உழவு மெசின் இழுக்கிற பெட்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் திரும்பக் கொண்டுவந்தார்கள். யாரிலும் பிழை சொல்ல ஒன்றுமில்லை. நான் வந்தேன். உன் காலடியில் நின்றேன். அழவேண்டும் என்று தெரிந்தது; அழுகை வரவில்லை. வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று பார்த்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து உன் அம்மா வாசிகசாலைக்கு வந்தா. உள்ளே வரவில்லை, வாசலில் நின்றா. பொலித்தீன் பையில் சுற்றிய இரண்டாம் பாகத்தை நீட்டினா.

"இந்தாங்கம்மா, ஒங்க பொஸ்தகம். காச்சலோட கெடந்தப்பயும் நனைய விடலை."

புத்தகத்துக்குள் ஒரு துண்டுக் கடதாசி இருந்தது. தேயிலைப் பைக்கற்றைப் பிரித்து, உள்பக்க வெள்ளையில் பென்சிலால் எழுதியிருந்தாய். அதுவரை எல்லாவற்றையும் வாயால்தான் சொன்னவள், அந்த ஒன்றை மட்டும் எழுதியிருந்தாய். பெரிய பெரிய எழுத்து. "அந்த புள்ளைக்கு மூணாம் பாகத்துலயாவது பேரு வைப்பாங்களா." கீழே, இன்னும் பெரிதாக, உன் பெயர்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அன்று பின்னேரமே கருத்துக் கொப்பியை விரித்தேன். விதி விதிதானே, புத்தகம் திரும்பியிருக்கிறது. "பெயரற்ற அந்தப் பெண்ணுக்கு மூன்றாம் பாகத்திலாவது ஆசிரியர் பெயர் சூட்டுவாரா?" என்று நல்ல தமிழில் எழுதினேன். கீழே என் பெயர். நாற்பத்தொன்று. நீ செத்து ஒன்பதாம் நாள். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை.

துண்டை எறியவில்லை. அட்டை வைக்கும் தகரப் பெட்டிக்கு அடியில் போட்டேன். ஐந்து வருடம் அங்கேதான் கிடந்தது.

இப்போது மூன்றாம் பாகத்துக்கு வருகிறேன். முதலில் மற்ற ஐந்தையும் வாசித்தேன், தள்ளிப் போடுவதற்காக. உனக்குக் கேட்க ஆசையாக இருக்கும், சொல்கிறேன். ஒன்றில் மந்திரம் படிக்கிற பள்ளிக்கூடம் வருகிறது. பிள்ளைகள் எல்லாரும் சோதனையில் சித்தியடைகிறார்கள், அதுவே பெரிய மாயம். ஒன்றில் இரண்டு சகோதரர்கள் நிழலை மாற்றிக்கொள்கிறார்கள். தொடக்கம் நல்லது, பாதியில் எழுதியவருக்கே எந்த நிழல் யாருடையது என்று மறந்துவிட்டது. இன்னொன்றில் குளத்துக்கு அடியில் மூழ்கிய ஊர் ஒன்று பேசுகிறது. அது உனக்குப் பிடிக்கும். அந்த ஊரில் உலை கொதிக்கிறது, புகை தண்ணீருக்குள் எங்கே போகிறது என்றுகூட எழுதியிருக்கிறார். மற்ற இரண்டிலும் செத்த ஆட்கள் திரும்பி வருகிறார்கள். ஒருவன் மூன்று தரம் செத்து மூன்று தரம் வருகிறான். இப்போதைய எழுத்தாளர்களுக்கு இது மோஸ்தர் போலிருக்கிறது. முந்தியென்றால் எனக்குக் கோபம் வந்திருக்கும். இப்போது பக்கத்தைத் திருப்பினேன், அவ்வளவுதான்.

இப்படி எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால், உலை, புகை, சோதனை எல்லாம் உன் கண். எனக்கென்று ஒரு கருத்து இருந்ததா என்று தேடினேன். பழைய கருத்துக் கொப்பியை எடுத்து, எவை உன்னுடையவை என்று குறித்து, ஒவ்வொன்றின் கீழும் உன் பெயரை எழுதிவிடலாம் என்று இருந்தேன். ஆறேழு எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மற்றவற்றில் தெரியவில்லை. எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே நல்ல தமிழ். உன் பேச்சை நான் அவ்வளவு நன்றாகக் கழுவித் துடைத்து எழுதியிருக்கிறேன். அதில் உன்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

பிறகு மூன்றாம் பாகத்தை வாசித்தேன். இரண்டு தரம் வாசித்தேன், தவறவிட்டிருப்பேனோ என்று. முதலாம் அத்தியாயத்திலேயே வீரன் வெளியே நின்று மந்திரம் சொல்கிறான். கோட்டை உருகி ஆறாக ஓடுகிறது. பிறகு முடிசூட்டு. பிறகு பதினொரு பக்கத்துக்குக் கலியாணம். ஏழு குதிரைக்கும் தனித்தனியாக மாலை. அவள் இல்லை. செத்தாள் என்றும் இல்லை, தப்பினாள் என்றும் இல்லை. கோட்டை உருகும்போது உள்ளே ஒருத்தி நின்றாளே என்று ஒருவரும் கேட்கவில்லை. எழுதியவருக்கு அவள் ஞாபகத்திலேயே இல்லை.

ஆக, உன் கேள்விக்குப் பதில்: வைக்கவில்லை.

கருத்துக் கொப்பியில் புதுப் பக்கம் திறந்தேன். பேனையை எடுத்து வைத்தேன். பிறகு தகரப் பெட்டியைத் திறந்து உன் துண்டை எடுத்தேன். கோதுமை மாவில் பசை காய்ச்சி, பக்கத்தின் உச்சியில் ஒட்டினேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

மூன்று நாள் கழித்துத் தலைவர் வந்தார். கிழண்டுவிட்டார், கண்ணாடி தடித்துவிட்டது. கொப்பியைப் புரட்டிக்கொண்டு போனவர் அந்த இடத்தில் நின்றார்.

"உது ஆரின்ரை எழுத்து, பிள்ளை?"

சொன்னேன்.

"அந்தப் பிள்ளை அந்த மாரிக் காய்ச்சலிலை மோசம் போட்டுதெல்லோ?"

"ஓம். புத்தகமெல்லாம் வாசிச்சது அவள்தான். முந்தினதுகளும் அவள் சொல்லித்தான் நான் எழுதினனான்."

"அண்டைக்கு விழாவிலை நான் வாசிச்சது?"

"அதுவும் அவளின்ரைதான் ஐயா."

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார். என்னை ஏசுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாவியை எடுத்துக்கொண்டு போ என்று சொல்வார் என்றுகூட நினைத்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்:

"எனக்கு அப்பவே சொல்லியிருக்கலாமே, பிள்ளை. ஒரு அட்டைதானே. எழுதிக் குடுத்திருப்பமே."

இப்போது சொல்வது சுலபம் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அவர் பொய் சொல்லும் ஆள் இல்லை. கொடுத்திருப்பார். ஒரு அட்டை, ஒரு நிமிட வேலை. நான் பயந்த அத்தனை வருடமும் ஒன்றுக்குமே இல்லை. அவர் போன பிறகு நான் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். ஐந்து வருடத்துக்குப் பிறகு நெஞ்சுக்குள் ஒரு இடத்தில் சுட்டது. தணல் சட்டி பிடித்த மாதிரி. சின்ன இடம்தான். ஆனால் சுட்டது.

மூன்றாம் பாகத்தை வாசித்த இரண்டாவது ஆள் நான். முதல் ஆள் நீ என்று வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உன் கருத்து மேலே இருக்கிறது. விதிப்படி நானும் எழுதவேண்டும். நான் ஒருநாளும் மேற்படி எழுதாதவள் என்று சொன்னேன் அல்லவா?

உன் பெயருக்குக் கீழே "மேற்படி" என்று எழுதினேன். அதற்குக் கீழே என் பெயர். அதற்குக் கீழே நாற்பத்தொன்று.